இன்னும் கொஞ்சம் கிராம்பு

சட்டி கருகியது நவமணிக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், அப்பா அறைக்குள்ளிருந்து கத்திய பிறகுதான் ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். தண்ணீர் முழுக்க வற்றி, ஆரஞ்சுத் தோலும் பட்டையும் அடியில் கரியாக ஒட்டிக் கிடந்தன. குசினியெல்லாம் புகை. கண் எரிந்ததே தவிர, மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை. கோவிட் காய்ச்சலோடு போன வாசனை அவளுக்குத் திரும்பவே இல்லை. மல்லிகைப்பூவும் மண்ணெண்ணெயும் இப்போது அவளுக்கு ஒன்றுதான்.

கணவன் இறந்தபின் கடலோர ஊரான ஜெராமில் இருந்த அப்பாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள் அவள். அப்பா இருசப்பன் எஸ்டேட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். இனிப்பு நீர் நோய் முற்றி வலது காலில் புண் வைத்ததிலிருந்து படுக்கையில்தான் இருந்தார். கிளினிக்குக்குப் போகாத நாட்களில் நவமணியே புண்ணைக் கழுவிக் கட்டுவாள். அது நாறுகிறதா என்பதை அவள் வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். முன்பெல்லாம் மணிக்கணக்காக உட்கார்ந்து பேசியவர்கள் வாசலோடு நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள். ராசா என்ற ஊரிலிருந்து வந்த தம்பி புவனேசன், கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து வெளியே போய் நின்றான்.

"அக்கா, வீடு நாறுதுக்கா. உனக்குத் தெரியல. வயசானவங்களப் பார்த்துக்கிற நல்ல ஹோம் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். அங்க விட்டுரலாம்."

அவன் கெட்டவனில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஹோம் என்ற சொல்லைக் கேட்டதும் அறைக்குள் அப்பா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தது அவளுக்குக் கேட்டது.

"அடுத்த மாசம் வா," என்றாள். "வாசல்ல நின்னு மூச்ச இழுத்துப் பாரு. அப்பவும் நாறுச்சுன்னா பேசலாம்."

கடையில் விற்கும் வாசனை ஸ்ப்ரே டின்னை வாங்கி அடித்துப் பார்த்தாள். அப்பாவுக்கு இருமல் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு ரோசரிதான் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். பழத்தோலையும் மசாலாச் சாமான்களையும் தண்ணீரில் போட்டு மெதுவாகக் கொதிக்கவைத்தால் போதும், வீடே மணக்கும் என்றது அது. அன்று அதைப் பிடித்துக்கொண்டவள் விடவே இல்லை. முதல் சட்டி கரியாகப் போன பிறகு, அடுப்பருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து தண்ணீர் இறங்குவதைக் கண்ணாலேயே பார்த்துக்கொண்டாள். வீட்டின் முன் காய்த்த சிறிய எலுமிச்சையைப் பிழிந்து எடுத்த தோல், பழக்கலவை விற்கும் ரொஜாக் கடையில் கேட்டு வாங்கிய அன்னாசித் தோல், சாக்கடையோரம் வளர்ந்த, சமையலுக்கு மணம் சேர்க்கும் பாண்டான் இலை, பட்டை, அன்னாசிப்பூ என்று மாற்றி மாற்றிப் போட்டாள். முழு ஆரஞ்சில் ஊசியால் துளையிட்டுக் கிராம்பு குத்தினாள். கடல் ஈரத்தில் அது பூசணம் பிடித்தது. அடுத்ததை ரோசரியின் கார் டேஷ்போர்டில் வைத்து வெயிலில் காயவிட்டாள். அது கெடாமல் நின்றது. அதற்கு நூல் கட்டி அப்பாவின் கட்டில் தலைமாட்டில் தொங்கவிட்டாள். கிராம்பு குத்தி அவள் விரல் நுனியெல்லாம் புண்ணாகியிருந்தது.

எது எப்படி மணக்கிறது என்று சொல்லும் வேலை அப்பாவுடையதாயிற்று. சட்டியை அறை வாசலுக்குக் கொண்டுவந்து துண்டால் விசிறுவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, பட்டை தூக்கலாக இருக்கிறது, பாண்டானைக் குறை, இது பாயாசக் கடை மாதிரி இருக்கிறது என்றெல்லாம் சொல்வார். படுத்ததிலிருந்து அவர் இவ்வளவு பேசியதில்லை. மறு மாதம் வந்த புவனேசன் வாசலில் நின்று மூச்சை இழுத்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து சாப்பிட்டான். ஹோம் பேச்சு எழவில்லை. அவன் போனபின் நவமணி குசினியில் தனியாக நின்று சிரித்தாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் அப்பா கூப்பிட்டார். "மணி, இன்னும் கொஞ்சம் கிராம்பு போடு."

போட்டாள். மறுநாளும் கேட்டார். அதற்கடுத்த நாள், கட்டிலுக்கடியிலும் ஒரு கிண்ணம் வைக்கச் சொன்னார். கிழவருக்குக் கிராம்பு பிடித்துப்போய்விட்டது என்று ரோசரியிடம் அவள் சொன்னாள்.

அந்த வாரம் கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி புண்ணின் கட்டை அவிழ்த்தாள். அவிழ்த்த கை அப்படியே நின்றது. வீட்டில் யாருக்கும் வாடை தெரியவில்லையா என்று கேட்டாள். நவமணி அவள் முகத்தையே பார்த்தபடி, தெரியவில்லை என்றாள். ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். இன்னும் சில நாள் விட்டிருந்தால் காலே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

அப்பா கண் விழித்ததும் கூரையைப் பார்த்தபடியே பேசினார்.

"எனக்குத் தெரியும் மணி," என்றார். "நாத்தம் மாறினது தெரியும். சொன்னா வெட்டிருவாங்கன்னு பயம். அதான் கிராம்பு கேட்டேன்."

அவளுக்கு அவர்மேல் வந்த கோபம் பாதி வழியிலேயே திரும்பித் தன்மேல் விழுந்தது. அவருடைய பயத்துக்குத் தானே சட்டி சட்டியாக மூடி போட்டுக்கொண்டிருந்ததை நினைத்தாள். போர்வையை இழுத்துவிட்டுத் தாழ்வாரத்துக்கு வந்தாள். புவனேசன் அங்கே காத்திருந்தான். இந்த முறை அவன் குரலில் தயக்கமில்லை.

"ஹோம்ல இருந்திருந்தா அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பாங்கக்கா."

அது உண்மை. தாழ்வாரத்தில் ஆட்கள் நடமாடிக்கொண்டிருந்தார்கள். அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"ஆமா. என் மூக்கு செத்துப்போச்சு. அப்பா மூக்கை இனிமே நம்ப முடியாது. உன் மூக்கு நல்லாத்தானே இருக்கு?"



அப்பா வீடு திரும்புமுன் நவமணி அவர் அறையை ஒழித்தாள். ஆரஞ்சுகளும் கிண்ணங்களும் குப்பைக்குப் போயின. ஜன்னலைத் திறந்துவிட்டு, இந்த அறையில் இனி எந்த மணமும் கிடையாது என்று அவர் வந்ததும் சொல்லிவிட்டாள். வருகிறவர்களுக்காக முன்கூடத்தில் மட்டும் சட்டி கொதித்தது. தினமும் காலையில், பாசிர் பெனம்பாங்கில் மீன் கடை வேலைக்குப் போகுமுன் ரோசரி வந்து அப்பாவின் புண் காலை முகர்ந்து பார்த்தாள். மீனோடு பழகிய மூக்கு, எதற்கும் சுளிக்காது என்று சொல்லிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கோயில். அன்றைக்குப் புவனேசன் வரவேண்டும் என்று நவமணி போனில் சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள்.

அவன் வந்தான். முன்கூடத்தில் எலுமிச்சை ஆவியில் உட்கார்ந்து, தேத்தண்ணியை மெல்ல மெல்லக் குடித்தான். வழியில் மழை என்றான். வேலை அதிகம் என்றான். அவள் அறைக்குள் போய்க் கட்டை அவிழ்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். புவனேசன் கட்டிலின் கால்மாட்டில் நின்றான். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, தரையில் முழங்காலூன்றி, இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தான். விரல்கள் இல்லாத இடத்துக்குப் பக்கத்தில் அவன் மூக்கு வந்து நின்றது. கண்ணை மூடி மூச்சை உள்ளே இழுத்தான். சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த அப்பா தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார். பஞ்சைக் கையில் பிடித்தபடி நவமணியும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இன்னொரு முறை, இன்னும் ஆழமாக, மூச்சை இழுத்தான்.