லத்தீபா நெய்

என் வீட்டுக்காரர் அப்துல் அலீம் தெற்கு மாசி வீதியில் முந்திரியும் ஏலக்காயும் எடை போட்டு விற்கிறவர். தராசில் வைத்தால் உலகத்தில் எதுவும் தெரிந்துவிடும் என்பது அவர் எண்ணம். அந்த எண்ணத்தோடு எனக்கு முப்பத்தொரு வருஷத் தகராறு.

ரத்தத்தில் கொழுப்பு கூடிவிட்டதென்று மூன்று மாதமாக அவருக்குப் பிரியாணி கிடையாது. மனுஷர் பாதியாகிவிட்டார். கடைசியில், தல்லாகுளத்தில் உணவு ஆலோசனை சொல்லும் தமிழ்வாணி ஒரு வழி காட்டினார். ஒரு வாரம் சாப்பிடுவதையெல்லாம் அளந்து நோட்டில் எழுத வேண்டும். கொழுப்பின் பங்கு முப்பது சதவீதத்துக்குள் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஒரு தட்டுப் பிரியாணி.

அன்றே கடைத் தராசு என் சமையலறைக்கு வந்துவிட்டது. தோசையை நிறுத்தார், துவையலை நிறுத்தார். தமிழ்வாணி கொடுத்த அட்டவணையைப் பார்த்து வாரக் கடைசியில் கணக்கு முடித்தார். சராசரியாக ஒரு நாளைக்கு மாவுச்சத்து இருநூறு கிராம், புரதம் அறுபது, கொழுப்பு அறுபது. முந்நூற்று இருபதில் அறுபது என்றால் பதினெட்டே முக்கால் சதவீதம். அந்த முக்காலைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டு, சீரகச் சம்பாவும் வாங்கி வந்துவிட்டார். உங்களுக்குக் கொழுப்பு கொஞ்சநஞ்சமில்லை என்றேன்.

தமிழ்வாணி நோட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"எடைய வச்சுப் பாக்கக் கூடாது பாய். மாவுச்சத்து, புரதம் ரெண்டும் கிராமுக்கு நாலு கலோரி. கொழுப்பு ஒம்போது."

கால்குலேட்டரைத் தட்டினார். மொத்தம் ஆயிரத்து ஐந்நூற்று எண்பது கலோரி, அதில் கொழுப்பு மட்டும் ஐந்நூற்று நாற்பது. முப்பத்து நாலு சதவீதம்.

அவர் முகம் தொங்கிப்போயிற்று. எனக்கே பாவமாக இருந்தது. தினம் பன்னிரண்டு கிராம் கொழுப்பைக் குறைத்தால் இருபத்தொன்பதுக்கு வந்துவிடும் என்று சொல்லி, எதைக் குறைக்கலாமென்று தமிழ்வாணி நோட்டைப் புரட்டினார்.

"இது என்ன, லத்தீபா நெய்? புதுக் கம்பெனியா?"

லத்தீபா நான்தான். நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஏழு நாளும் மத்தியானம் ஆறு கிராம், ராத்திரி ஆறு கிராம். இப்படி வாடிப்போகிறாரே என்று, அவர் டிவி பார்க்கிற நேரத்தில் சோற்றுக்கு அடியில் நான் ஒளித்து ஊற்றிய நெய். அவருக்குத் தெரியாது என்றல்லவா நினைத்திருந்தேன். எனக்குத் தெரியாமல் நெய் பாட்டிலைத் தினமும் நிறுத்திருக்கிறார் வியாபாரி.

"அத மட்டும் கழிக்க வேணாம்மா," என்றார் தமிழ்வாணியிடம். "பிரியாணி போனாப் போகுது."

பிரியாணியை அவர் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததே இல்லை. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. நெய்யை இன்றோடு நிறுத்திவிடுகிறேன் என்று நானே சொன்னேன். அப்படியானால் பிரியாணிக்குத் தடையில்லை என்றார் தமிழ்வாணி.

ஞாயிறு மதியம் ஒரு தட்டு வைத்தேன். முதல் வாயிலேயே கண்ணை மூடிக்கொண்டார். பிறகு சோற்றை ஓரமாக விலக்கி அடியில் எதையோ தேடினார்.

"எங்க புள்ள, லத்தீபா நெய்யக் காணோம்?"

இந்தக் கொழுப்புக்குக் கிராமுக்கு எத்தனை கலோரி என்று தமிழ்வாணியைத்தான் கேட்க வேண்டும்.