கொடுக்காத கோல்

"சாய்ச்சுப் பிடிங்கல! தலைமாட்டத் தூக்கு, கால்மாட்ட இறக்கு!" என்று பெரியப்பா பிச்சையா கத்தினார்.

சந்தின் முக்கு அது. தாராவியில் அந்த முக்கைத் தாண்டி ஒரு பீரோவைக் கொண்டுவருவதற்கே அரை நாள் சண்டை நடக்கும். இப்போது தங்கபாண்டியின் பாடை அங்கே சிக்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் மின்சார மீட்டர் பெட்டிகள், மறுபக்கம் யார் வீட்டுத் தண்ணீர் டிரம்மோ. மாலைகள் தகரத்தில் உரசிப் பூக்கள் உதிர்ந்தன. தீச்சட்டியோடு முன்னால் நின்ற ஜெயகணேஷ் திரும்பிப் பார்த்தான். அப்பாவின் தலை ஒருபக்கமாகச் சரிந்திருந்தது. தாடையை இறுக்கிக் கட்டிய துணி அவர் முகத்தை, கடையில் யாரோ அநியாய விலை கேட்டது போலச் சுளிக்க வைத்திருந்தது.

"இந்த டிரம்ம எவன்ல இங்க வச்சான்?" என்று அவன் அதை ஓங்கி உதைத்தான். டிரம் உருண்டு, தண்ணீர் சந்து முழுக்க ஓடி, வந்தவர்களின் கால்களை நனைத்தது.

"விடு மக்கா. இன்னைக்குப் போயி கோவப்படலாமா."

"கோவப்படாம? அந்த லைன்ஸ்மேன் கொடியத் தூக்காம இருந்தா அப்பா இன்னைக்குக் கடையில இருந்திருப்பாரு. அது ஆஃப்சைடே இல்ல பெரியப்பா!"

பறையடித்துக்கொண்டிருந்தவர்கூட ஒரு கணம் நிறுத்தினார். பெரியப்பா துண்டை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு பாடையைப் பார்த்து, "தூக்குங்கப்பா" என்றார் மெதுவாக.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது அது. பந்தர் எஃப்சி கால்பந்து அணி ஆரம்பித்த வருஷத்திலிருந்து தங்கபாண்டி அதன் ரசிகர். மராத்தியில் பந்தர் என்றால் துறைமுகம், இந்தியில் குரங்கு. எதிரணிக்காரர்கள் மைதானத்துக்கு வாழைப்பழச் சீப்பு கொண்டுவந்து ஆட்டிக் காட்டுவார்கள். தங்கபாண்டி சளைக்க மாட்டார். "குடுலே, பசிக்கி" என்று கையை நீட்டுவார். நைன்டி ஃபீட் ரோட்டில் அவருடைய மளிகைக் கடை பொங்கலுக்குக்கூட அரை நாள்தான் அடைப்பு. மேட்ச் அன்றைக்கு மட்டும் முழு நாள். வருஷா வருஷம் பந்தர் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை டிரா செய்து, டிரா செய்ய வேண்டியதைத் தோற்று, கடைசி வாரத்தில் பிளே-ஆஃப் சுற்றைக் கோட்டைவிடும். வருஷா வருஷம் அப்பனும் மகனும் ரயிலில் ஒரு வார்த்தை பேசாமல் வீடு திரும்புவார்கள். மாஹிம் வந்ததும் அப்பா, "அடுத்த சீசன் பாரு" என்பார். அதைக் கேட்டாலே ஜெயகணேஷுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அடுத்த சீசன் முதல் டிக்கெட்டை வாங்குகிறவன் அவன்தான்.

இந்த வருஷம் நுழைந்துவிட்டார்கள். அரையிறுதி, இரண்டு ஆட்டம். முதலாவது இங்கே, இரண்டாவது புனேயில். இங்கே நடந்த ஆட்டத்தில் ஒரு கோல் வாங்கிப் பின்தங்கி, முடியப் போகிற நேரத்தில் பந்தர் அடித்த கோல் வலையில் விழுந்தது. மொத்த ஸ்டாண்டும் எழுந்து குதித்தது. அப்பா மகனைக் கட்டிப்பிடித்து அவன் கழுத்தில் முத்தம் கொடுத்தார். அவன் பள்ளிக்கூடம் போன பிறகு அப்படிச் செய்ததே இல்லை. முத்தத்தின் ஈரம் காயுமுன் கோட்டு நடுவரான லைன்ஸ்மேனின் கொடி உயர்ந்தது. ஆஃப்சைடு, கோல் செல்லாது.

ஆட்டம் முடிந்து ரயில் நிலையப் படியேறும்போது அப்பா கைப்பிடியைப் பற்றியபடி மடங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் மூன்று நாள். இன்று விடியற்காலையில் போய்விட்டார். புனேயில் இரண்டாவது ஆட்டம் இன்று சாயங்காலம்.

காலையில், பாடை எடுக்குமுன், நவி மும்பை கோபர்கைரனேயிலிருந்து அக்கா ஷர்மிளா வந்து இறங்கியதும் அழவில்லை. அப்பாவின் கால்களைத் தொட்டுவிட்டு நேராகத் தம்பியிடம் வந்தாள்.

"படியேறக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லியா?"

"சொன்னாரு."

"பின்ன எதுக்குல கூட்டிட்டுப் போன?"

"அவருதாங்க்கா வாரேன்னாரு. பிளே-ஆஃப்க்கா."

"அவரு சொல்லுவாரு. நீ மாட்டேன்னு சொல்லிருக்கணும்."

"அந்தக் கோலக் குடுத்திருந்தா ஒண்ணும் ஆகிருக்காதுக்கா. அது ஆஃப்சைடு இல்ல. நான் நூறு தடவ பாத்துட்டேன்."

ஷர்மிளா அவனையே பார்த்தாள். வீட்டில் இருந்த பெண்களெல்லாம் பார்த்தார்கள். "அப்பாவக் கொன்னுபோட்டு ஆஃப்சைடு பேசுதான் பாருங்க" என்றாள் யாரையும் பார்க்காமல். அதன் பிறகு அவனோடு பேசவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா அன்னத்தாய், ஊதுபத்திச் சாம்பல் அப்பாவின் சட்டையில் விழாதபடி தள்ளி வைத்தாள்.

சுடுகாட்டில் மொட்டையடித்து, குடமுடைத்து, கொள்ளி வைத்து எல்லாம் முடிய மத்தியானம் தாண்டிவிட்டது. எரிகிற வெப்பம் முகத்தில் அறைந்தபோதும் ஜெயகணேஷுக்குக் கண் கலங்கவில்லை. கலங்காததற்கும் கோபம் வந்தது. பக்கத்தில் நின்ற சித்தப்பா மகன் இரகசியமாகப் போனைப் பார்ப்பதைக் கண்டான். பந்தரின் இன்றைய ஆட்டக்காரர்கள் பட்டியல். போனைப் பிடுங்கினான். எறியப் போகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவனோ பட்டியலை முழுக்கப் படித்தான். "மறுபடி அதே லெஃப்ட் பேக்கா? கோச்சுக்கு மண்டையில என்ன இருக்கு!" என்று கத்திவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தான். பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

குளித்துவிட்டு வெளியே டீக்கடையில் நின்றார்கள். மன்சூர் அலி அவனுக்கு ஒரு கட்டிங் சாய், அரை கிளாஸ் டீ, வாங்கிக் கொடுத்தார். அடுத்த வீட்டுக்காரர், லெதர் பெல்ட் தைக்கிற பட்டறை வைத்திருப்பவர், அப்பாவுக்கு மைதானக் கூட்டாளி. மூன்று பேரும் எப்போதும் ஒரே வரிசையில்தான் நிற்பார்கள். பாடையின் முன்கொம்பைக் கடைசிவரை மாற்றிக்கொள்ளாமல் தூக்கி வந்ததில் அவர் தோளில் சட்டை கறுத்திருந்தது.

ஜெயகணேஷ் போனை எடுத்து அந்தக் கோலின் வீடியோவை மறுபடி ஓட்டினான். "பாருங்க மாமா. இங்க நிப்பாட்டுதேன். இவன் முட்டி எங்க இருக்கு? அந்த டிஃபெண்டர் கால் எங்க இருக்கு?"

"போன உள்ள வைல."

"ஒரு தடவ பாருங்க. நேருக்கு நேரா இல்லியா? நீங்களே சொல்லுங்க."

மன்சூர் டீக் கிளாசைக் கீழே வைத்தார். காலையிலிருந்து இதையே கேட்டுக்கேட்டு அவருக்கும் பொறுமை போய்விட்டிருந்தது.

"ஆஃப்சைடுதாம்ல" என்றார். "ஒரு சாண். வெட்ட வெளிச்சமா ஆஃப்சைடு."

"என்ன மாமா பேசுதீங்க?"

"உங்கப்பாவும் பாத்தாவ. முந்தாநேத்து ஆஸ்பத்திரில நான்தான் போன்ல காட்டினேன். மூக்குல குழாயோட ரெண்டு தடவ போடச் சொல்லிப் பாத்தாவ. 'சரியாத்தாம்வே தூக்கிருக்கான். அந்தப் பயல வீணா ஏசிப்போட்டமே'ன்னு சிரிச்சாவ. சிரிக்கக் கூடாதுன்னு நர்சு வந்து சத்தம் போட்டா."

"பொய்யி."

"அதுக்கு அப்புறம் என்ன சொன்னாவ தெரியுமா? 'கணேசுகிட்டச் சொல்லிராதேயும்வே. அவன் அந்தக் கோலப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கான்'னாவ."

டீக் கிளாஸ் எதிர்ச் சுவரில் பட்டுச் சிதறியது. கடைக்காரன் "அரே பாகல் ஹை க்யா!" என்று, பைத்தியமா உனக்கு என இந்தியில் ஏசிக்கொண்டே கரண்டியோடு வெளியே வந்தான். அவன் சட்டையைப் பிடிக்கப் பாய்ந்த ஜெயகணேஷை மன்சூர் பின்னாலிருந்து இடுப்போடு சேர்த்துப் பிடித்தார். அவர் கைகள் தோல் வாரை இழுத்து இழுத்து உரமேறியவை. அவன் உதறினான், உதைத்தான், முழங்கையால் அவர் விலாவில் இடித்தான். அவர் விடவில்லை.

"அப்பா உக்காந்தாரு மாமா" என்றான் திடீரென்று. குரல் கீச்சிட்டது. "கொடியத் தூக்கினதும் ஏசிட்டு அப்படியே சேர்ல உக்காந்தாரு. நெஞ்சத் தடவினாரு. நான் பாத்தேன். பாத்துட்டும், 'எந்திரிங்கப்பா, இன்னும் டயம் இருக்கு'ன்னு கையப் பிடிச்சு இழுத்தேன். எந்திரிச்சுட்டாரு. கடைசி விசில் வரைக்கும் நின்னாரு."

மன்சூர் கைகளைத் தளர்த்தினார். துடைத்த முகத்தையே துண்டால் மறுபடி துடைத்துக்கொண்டார்.

"நானும்தாம்ல கத்தினேன்" என்றார். "'எந்திரிங்க அண்ணாச்சி'ன்னு."

உடைந்த கிளாஸுக்கான காசைக் கடைக்காரன் வாங்க மறுத்துவிட்டான். மொட்டைத் தலையைப் பார்த்திருக்க வேண்டும்.

சாயங்காலம் வீடு காலியாகிவிட்டது. உறவுக்காரர்கள் மறுநாள் காலை வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கு எரிந்தது. அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் மன்சூரின் மனைவி பீவி சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அம்மாவின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்து போனாள். யாரும் பாத்திரத்தைத் திறக்கவில்லை. ஷர்மிளா தம்பி இருக்கிற பக்கம் திரும்பாமல் துணிகளை மடித்தாள்.

மன்சூர் வீட்டுக்கும் இவர்கள் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு பிளைவுட் தடுப்பு. அங்கே இருமினால் இங்கே கேட்கும். இன்று ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு, காது கொடுத்தால்தான் கேட்கும் அளவுக்கு, கொசு பறக்கிற மாதிரி ஒரு கமெண்டரி.

ஜெயகணேஷ் கேட்காதவன்போல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தடுப்புக்கு அப்பால் யாரோ "ச்சே" என்றார்கள், யாரோ "ஷ்ஷ்" என்றார்கள். அப்புறம் நாலைந்து பேர் ஒரே சமயத்தில் மூச்சை இழுத்த சத்தம். அவன் முதுகு நிமிர்ந்தது.

கோலா? யாருக்கு? யார் அடித்தது? ஒன்றும் தெரியவில்லை. மரியாதை தருகிறார்களாம் மரியாதை. முஷ்டியை மடக்கித் தொடையில் குத்திக்கொண்டான்.

அன்னத்தாய் காலையிலிருந்து முதல்முறையாக எழுந்தாள். தடுப்புக்குப் போய்ப் பிளைவுட்டைக் கையால் பட்பட்டென்று தட்டினாள்.

"பாயி, சத்தத்தக் கூட்டி வையுங்க. இங்க ஒண்ணும் கேக்கல."

"அம்மா!" என்றாள் ஷர்மிளா. "என்னம்மா இது? சனங்க என்ன நெனைக்கும்?"

"நெனைக்கட்டும். அந்த மனுசன் ஒரு ஆட்டத்தப் பாதியில விட்டுட்டு வந்து நான் பாத்ததில்ல."

சத்தம் கூடியது. பந்தர் ஒரு கோல். இரண்டு ஆட்டத்தையும் சேர்த்தால் சமம். ஜெயகணேஷ் நகர்ந்து, மொட்டைத் தலையைப் பிளைவுட்டில் சாய்த்துக்கொண்டான். கமெண்டரி மண்டைக்குள்ளேயே ஓடியது. அம்மா அவனுக்குப் பக்கத்தில் அதே தடுப்பில் முதுகைச் சாய்த்து, விளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

இரண்டாவது பாதி முழுக்க அவன் வாய்க்குள்ளேயே ஏசினான். லெஃப்ட் பேக்கை, கோச்சை, பந்தை வெளியே அடித்தவனை, இன்றைய தேதியைக் காட்டிய காலண்டரை. எல்லோருக்கும் விழுந்தது. லைன்ஸ்மேனை மட்டும் அவன் ஏசவில்லை. முடியப் போகிற நேரத்தில் கமெண்டேட்டர் தொண்டை கிழிய இழுத்தான். இன்னொரு கோல். கொடி தூக்கவில்லை, கோல்தான், கோல்தான் என்று இந்தியில் திரும்பத் திரும்பச் சொன்னான். கொஞ்ச நேரத்தில் விசில் ஊதியது. பந்தர் எஃப்சி முதல்முறையாக ஃபைனலில்.

சந்தில் ஒரு சத்தமும் இல்லை.

ஜெயகணேஷ் எழுந்து கதவைப் படாரென்று திறந்தான். மன்சூர் வீட்டு வாசலில் ஏழெட்டு ஆண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். பாதிப் பேர் நீல ஜெர்சியில். மத்தியானம் பாடை தூக்கியவர்கள்தான். அவனைக் கண்டதும் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், ஏதோ திருடி மாட்டிக்கொண்டவர்கள்போல.

"இன்னைக்குத்தாம்ல ஜெயிக்கணுமா?" என்றான். "ஏல, இன்னைக்குத்தானா? ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் முன்னால ஜெயிச்சா உங்களுக்கு என்னல கேடு?"

பந்தர் அணியே எதிரில் நிற்பதுபோலத்தான் கேட்டான். மன்சூர் முன்னால் வரப் பார்த்து நின்றுகொண்டார்.

"எதுக்குல வாய மூடிட்டு நிக்கீங்க? கத்துங்க. எங்கப்பா இருந்தா இந்நேரம் இந்தச் சந்துல எவனாவது தூங்க முடியுமா? கத்துங்கல!"

ஒருவரும் கத்தவில்லை. அவனே கத்தினான். "பந்தர்!" என்று அடிவயிற்றிலிருந்து, மைதானத்தில் அப்பா கத்துகிற மாதிரியே. இரண்டாவது முறை பாதியிலேயே குரல் உடைந்து, வேறு ஒரு சத்தமாகிவிட்டது. கதவு நிலையில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஷர்மிளா. அவன் மொட்டைத் தலையைத் தெருவிளக்கு வெளிச்சத்தில் ஒரு கணம் பார்த்தாள். பின்மண்டையில் நாவிதரின் கத்தி பட்டு ஒரு கோடு கிழிந்து, வழிந்த ரத்தம் காதுக்குப் பின்னால் காய்ந்து போயிருந்தது. அவள் துப்பட்டாவின் நுனியைத் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவந்து, அவன் கழுத்தை ஒரு கையால் வளைத்துப் பிடித்து, அழுத்தித் துடைத்தாள்.

எரிந்தது.

"அசையாதல" என்றாள்.