அட்டையில் விழுந்த இரண்டு கோடு

பயப்படாமல் கேளுங்கள் கண்ணுகளா, சசிகலா சாகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இண்டூர் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிற குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். மூன்றாம் மாதமே வயிறு ஐந்து மாத வயிறாக நின்றது. பச்சைத் தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை. "ரெட்டைப் புள்ள" என்று மாமியார் மாதம்மாள் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். ஒரு நாள் மல்பெரித் தழை அறுக்கும்போது ரத்தம் போனது. ரத்தத்தோடு, ஊறின ஜவ்வரிசி போலச் சின்னச் சின்ன நீர்முத்துக்கள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்தார்கள். குழந்தை என்று ஒன்று இல்லவே இல்லை. கருப்பை நிறைய அந்த முத்துக்கள்தான். முத்துப்பிள்ளை என்று அதற்குப் பெயர். உறிஞ்சி எடுத்துச் சுத்தம் செய்த டாக்டர், புருஷன் மாதவராஜையும் வைத்துக்கொண்டு சொன்னார்: வாரம் தவறாமல் ரத்தம் பார்க்க வேண்டும், கர்ப்பத்தின் சுரப்பு சுத்தமாக இறங்கி, அதற்குப் பின்னும் ஆறு மாதம் போகும்வரை அவள் உண்டாகக் கூடாது.

மாதவராஜ் சொல் தட்டாதவன். அன்றே பாயைத் தூக்கிக்கொண்டு புழு ஷெட்டுக்குப் படுக்கப் போய்விட்டான். அம்மாவிடம் காவலுக்கு என்றான்.

நாலு வாரம் போய்வந்தார்கள். சுரப்பு இறங்கிக்கொண்டே வந்தது. ஐந்தாம் வாரம் புழு கூடு கட்டப் போகிற சமயம். ஒரு வேளை தழை தப்பினால் அத்தனையும் போச்சு. "கூடு வித்துட்டுப் போலாம் இரு" என்றாள் மாதம்மாள். கூடு விற்றாயிற்று, அடுத்த புழுவும் வந்தாயிற்று. ஆஸ்பத்திரிச் சீட்டு காலண்டர் ஆணியிலேயே தொங்கியது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். தூரமான பெண் மூன்று நாள் ஷெட்டுக்குள் வரக் கூடாது, வெளியே நின்று தழை நறுக்கித் தர வேண்டும். இரண்டு மாதமாக சசிகலா வெளியே நிற்கவில்லை என்பதை மாதம்மாள் கவனித்தாள். மருந்துக்கடையில் சிறுநீர் பார்க்கிற அட்டை வாங்கிவந்தாள். இரண்டு கோடு விழுந்தது.

மாதம்மாள் தீர்த்தமலைக்கு நேர்ந்துகொண்டாள். மூன்று மாதம் முடியாமல் வெளியே சொன்னால் கண்பட்டுவிடும் என்று வாயைக் கட்டிக்கொண்டாள். கிராம நர்ஸ் நிர்மலாதேவி போனில் கேட்டபோது, "அவ பாப்பாரப்பட்டியில அவ ஆத்தா வூட்டுல இருக்காங்கம்மா. ரத்தமெல்லாம் அங்கயே பாத்துக்கறா" என்று வைத்துவிட்டாள்.

அட்டையைப் பார்த்த மாதவராஜ், தழைக் குவியலுக்குப் பின்னால் மனைவியை நிறுத்தினான்.

"நான் ஷெட்டுல படுத்துக் கெடக்கறேன். இது எப்பிடி?"

"எனக்கும் தெரியலைங்க. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேப்போம் வாங்க."

"என்னன்னு கேக்கறது? யாருதுன்னா?"

சசிகலா அவனையே பார்த்தாள். "அப்பிடியே கேளுங்க. நானும் பக்கத்துல நிக்கறேன்."

அவன் போகவில்லை. தனியாகக் கிளம்பியவளை, "பஸ்ஸுல குலுங்கினாப் போச்சு" என்று மாதம்மாள் விடவில்லை. புருஷனும் தானும் சேரவே இல்லை என்ற உண்மையை மாமியாரிடம் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. சொன்னால் புருஷன் கேட்ட கேள்வியை அவளும் கேட்பாளே.

ஒன்றரை மாதம் போனது. இருமல் வந்தது. தழைத் தூசி என்றார்கள். ஒரு காலையில் இருமினபோது தழைமேல் ரத்தம் தெறித்தது. தடுப்பூசி போட அந்தத் தெருவுக்கு வந்த நிர்மலாதேவி கண்ணில் அது பட்டது. "நீ பாப்பாரப்பட்டியில இல்ல இருக்கறே?" என்றவள், பதிலுக்குக் காத்திராமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். போகிற வழியிலேயே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

எக்ஸ்ரே படத்தில் நுரையீரல் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். வார்டு வாசலில் நின்ற மாதவராஜிடம், டாக்டர் சொன்னதை நிர்மலாதேவி எடுத்துச் சொன்னாள்.

"அந்தக் கோடு கொழந்தைக்கு மட்டும் விழாது தம்பி. முத்துப்பிள்ளையில ஒரு துணுக்கு உள்ள ஒட்டி வளந்தாலும் அதே கோடுதான். இப்ப அது புத்துநோயாகி நெஞ்சு வரைக்கும் போயிடுச்சு."

அவன் உள்ளே போகத் திரும்பினான். அவள் நிறுத்தினாள்.

"இன்னொண்ணும் கேட்டுக்கங்க. கருமுட்டையில அவ பங்கு இல்லாமப் போயி, உங்க பங்கு மட்டும் ரெண்டாப் பெருகி வளந்தது அது. முச்சூடும் உங்களுது. அப்பிடி ஆனது யாரு தப்பும் இல்ல. ரத்தம் பாக்காம விட்டதுதான் தப்பு."

உள்ளே போய்க் கட்டிலருகே நின்றான். "எல்லாம் என்னுதுதானாம்" என்றான்.

"நான் சொன்னப்ப நம்பல. ஆஸ்பத்திரி சொன்னா நம்புறீங்க" என்று சசிகலா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாதக்கணக்கில் மருந்து ஏறியது. முடியெல்லாம் கொட்டியது. வாயெல்லாம் புண். கடைசியில் சுரப்பு இறங்கியது. அவள் இண்டூருக்குத் திரும்பவில்லை.

ரத்தம் பார்க்கிற நாளில் மாதவராஜ் பாப்பாரப்பட்டி பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பான். அவள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு முன்னால் பெண்கள் சீட்டில் உட்காருவாள். அவன் பின்படி ஓரம். ஒவ்வொரு முறையும் இரண்டு டிக்கெட் கேட்பான். "லேடீஸுக்கு ஃப்ரீண்ணா, அவங்களுக்குக் குடுத்தாச்சு" என்று கண்டக்டர் ஒன்றை மட்டும் கிழித்துத் தருவார்.