எலிவால் வேன்

எங்கள் தெரு வழியாகப் போய்க்கொண்டிருந்த பேருந்தை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகளின் பள்ளி பதினொரு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. விடுமுறை முடிய எட்டே நாள். அதற்குள் கார் வாங்கியாக வேண்டும்.

வீட்டில் ஐந்து குழந்தைகள். மகனுக்கு நான்கு: எட்டு வயதுப் பெண், ஆறு வயதுப் பையன், நான்கு வயதில் இரட்டைப் பையன்கள். ஐந்தாவது என் மகளின் பெண். ஐந்து வயதுக்கு மிகவும் சிறிய உடம்பு. சுண்டு என்று கூப்பிடுவோம்.

மகள் கணவனை விட்டு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வந்த அன்று அவளுடைய இடது காது வீங்கியிருந்தது. நான் காரணம் கேட்கவில்லை. தெரிந்ததைக் கேட்பானேன்? மாப்பிள்ளை வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறார், அதுவரை இங்கே இருப்பாள் என்று தெருவில் சொல்லிவைத்தேன். யாரும் நம்பவில்லை. ஆனால் என் முகத்துக்கு நேரே யாரும் கேட்கவும் இல்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

அவள் ஒரு மருந்துக் கிடங்கில் பெட்டி கட்டும் வேலைக்குப் போனாள். காலை ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும், அதுவும் பள்ளிக்கு எதிர்த்திசையில். பேருந்து நின்ற செய்தி மாப்பிள்ளை வீட்டுக்கு எப்படியோ எட்டிவிட்டது. பள்ளிக்கு அனுப்ப வக்கில்லையென்றால் பிள்ளையை இங்கே அனுப்புங்கள் என்று ஆள் விட்டுச் சொன்னார்கள்.

"அண்ணன் வாங்கற வண்டியில சுண்டு போயிட்டா ஒரு பிரச்சினையும் இல்லப்பா," என்றாள் மகள். "பள்ளிக்கூடம் நின்னா அவங்க கோர்ட்டுக்குப் போவாங்க. அவளைத் தனியா அங்க விட மாட்டேன். அவ போனா நானும் போகணும். போனா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும்.

மகனும் மருமகளும் வேலைக்குப் போவது பள்ளி இருக்கும் பக்கம்தான். ஆக, வண்டியில் தினமும் ஏழு பேர். தனியாக ஆட்டோ வைத்து அனுப்ப எங்களுக்கு வசதி கிடையாது. மடியில் வைத்துக்கொண்டு போகலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. போன வருடம் ஒரு விபத்து நடந்ததிலிருந்து, பெல்ட் போடாத பிள்ளையைப் பள்ளி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

ஒரு சனிக்கிழமை மகனும் நானும் பழைய கார் விற்கும் இடத்துக்குப் போனோம். கூடவே திருகாணி. எங்கள் தெருமுனை மெக்கானிக். எந்தச் சந்திலும் புகுந்துவிடும் ஒல்லி உடம்பு, அதனால் அந்தப் பெயர்.

கடைக்காரர் எனக்குப் பழக்கமானவர். என்னோடு ஓய்வுபெற்றவர்கள் மாலையில் கூடுவதே அவருடைய அலுவலக அறையில்தான். என் மகள் கல்யாணத்துக்கு வந்து வாயார வாழ்த்திவிட்டுப் போனவர். அவள் இப்போது என் வீட்டில் இருப்பது அவருக்குத் தெரியாது.

"வாங்க ஐயா! தராசு சார் வந்தா என் கடையில மீட்டர் முள்ளு கூட நடுங்கும்," என்றார். முப்பத்தொரு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன் நான். அரை கிராம் குறைந்தாலும் முத்திரை வைக்க மாட்டேன் என்று பெயர்.

"நடுங்கற முள்ளை மாத்திடுங்க," என்றேன்.

எங்கள் கைக்கு எட்டும் விலையில் இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று எட்டு இருக்கை வேன். பூச்சி மருந்து அடிக்கும் நிறுவனம் ஒன்று வேலையாட்களை ஏற்றிப்போக வைத்திருந்தது. பக்கவாட்டில் இருந்த எலிப் படத்தைச் சுரண்டியிருந்தார்கள். உடம்பு போய்விட்டது, வால் மட்டும் சக்கரம் வரைக்கும் நீண்டு கிடந்தது. இன்னொன்று வெள்ளி நிறக் கார். ஒரு டாக்டர் ஓட்டியது. உள்ளே ஒரு கீறல் இல்லை. முன்னால் இரண்டு, நடுவில் இரண்டு, பின்னால் இரண்டு. ஆறு இருக்கை.

திருகாணி வேனுக்கு அடியில் புகுந்தான். காலிரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன. "இஞ்சின் கல்லு மாதிரி இருக்குய்யா! எலி செத்தாலும் வண்டி சாகாது!"

மகன் வேன் கதவைத் திறந்து மூடிப் பார்த்தான். அவன் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு.

"பொண்ணு எப்படி இருக்கா? மாப்பிள்ளை?" என்றார் கடைக்காரர்.

"ரெண்டு பேரும் அவங்க வீட்ல சௌக்கியமா இருக்காங்க."

"குடுத்து வச்சவர் ஐயா நீங்க. சரி, இங்க எத்தனை பிள்ளைங்க?"

ஐந்து என்றால் ஐந்தாவது யாருடையது என்று கேட்பார். அறைக்குள் பழைய சகாக்கள் இருவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நாலு," என்றேன்.

மகன் திரும்பினான். வேன் கதவிலிருந்து கையை எடுத்தான். வெளியாள் முன்னால் அப்பா சொன்னதை மறுத்துப் பேசுவது எங்கள் வீட்டில் கிடையாது. நான் வளர்த்த வளர்ப்பு.

வேனுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "ஐயா, சுண்டுவை விட்டுட்டீங்களே?"

"வேலையைப் பாருப்பா."

"எதை விட்டுட்டாரு?" என்றார் கடைக்காரர் குனிந்து.

கீழே ஏதோ இரும்பைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு திருகாணி சொன்னான்: "ஒண்ணுமில்ல சார். சின்ன போல்ட்டு ஒண்ணு. கழண்டு கெடக்கு."

"நாலு பிள்ளைன்னா உங்களுக்கு எதுக்கு இந்த எலி வண்டி? ஆறு பேருக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இது இருக்கே!" கடைக்காரர் வெள்ளிக் காரைத் தட்டினார். "உங்க கௌரவத்துக்கும் இதுதான். எடுத்துட்டுப் போங்க. பிடிக்கலன்னா மூணு நாளைக்குள்ள அந்த வேனையே மாத்திக்கலாம்."

அதையே எடுத்தோம். மகன்தான் ஓட்டிவந்தான். வீட்டு வாசலில் சாவியை உருவியபடி, "அஞ்சு பேருப்பா," என்றான். அவ்வளவுதான்.

பிள்ளைகள் ஓடிவந்து ஏறினார்கள். நடுவில் பெரியவர்கள் இருவர், பின்னால் இரட்டையர். பெல்ட்டுகளை இழுத்து மாட்டினார்கள். மருமகள் முன்னால் உட்கார்ந்தாள். ஏறியவள் திரும்பிப் பார்த்து உடனே இறங்கிவிட்டாள். சுண்டு உள்ளே போய் ஒவ்வோர் இருக்கையாகப் பார்த்தாள். பிறகு நடு இருக்கைகளுக்கு இடையில் தரையில் உட்கார்ந்தாள்.

"தாத்தா, என்னோட பெல்ட் எங்க?"

மகள் வந்து அவளைத் தூக்கிக்கொண்டாள். என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"அண்ணன் எல்லாம் சொன்னான். இன்னும் மூணு நாள் இருக்கு. அண்ணன் போய் மாத்தினா நீங்க பொய் சொன்ன மாதிரி ஆயிடும். அதனால அவன் போக மாட்டான். நீங்க போங்க. அஞ்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. யாரு பிள்ளைன்னு கேட்டா, என் மக பிள்ளை, என்கூட இருக்கான்னு சொல்லுங்க. சொன்னா நான் எங்கயும் போகல."

"பாக்கலாம்," என்றேன்.

ஞாயிறு போகவில்லை. திங்களும் போகவில்லை. செவ்வாய் மாலை சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு நடந்தே போனேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வேன் அங்கேயே நின்றது. எலிவாலின் மேல் தூசி படிந்திருந்தது. அறைக்குள் அன்று நான்கைந்து பேர் இருந்தார்கள்.

"வாங்க தராசு சார்! நாலு வாண்டும் வண்டியில ஆட்டம் போடுதா?"

"போடுது."

"மாத்தணுமா? ஏதாவது குறையா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முப்பத்தொரு வருடம் என் சொல்லைத் திருப்பி நிறுத்துப் பார்க்கத் துணியாதவர்கள்.

"வைப்பர் ரப்பர் தேஞ்சிருக்கு. ஒரு ஜோடி வேணும்."

"அவ்வளவுதானே!" என்று எடுத்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்தார். நான் வற்புறுத்திக் கொடுத்தேன்.

மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். தெருவில் எனக்குப் பின்னால் வேன் வருகிறதா என்று பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

"என்னப்பா அது?"

"வைப்பர் ரப்பர்."

அவள் தலையை ஆட்டினாள். "மழை வரும். தேவைப்படும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த ஞாயிறு காலை மகன் மகளையும் சுண்டுவையும் பேருந்து நிலையத்துக்கு அழைத்துப் போனான். மகள் கூந்தலை இடது காதை மூடி இறக்கி வாரியிருந்தாள். மற்ற நான்கு பிள்ளைகளும் வாசலில் நின்றார்கள்.

"தாத்தா, இன்னிக்கு எங்க வேணா உக்காரலாமா?" என்றாள் சுண்டு.

"உக்காரு."

அவள் நடுவில் ஒன்றில் உட்கார்ந்து பார்த்தாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். பின்னால் போய் இரண்டிலும் உட்கார்ந்தாள். கடைசியில் ஜன்னலோரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பெல்ட்டைத் தானே மாட்டினாள். கார் தெருமுனையில் திரும்பும்போது உள்ளே மூன்று இருக்கைகள் காலியாக இருந்தன.

இரட்டையரில் ஒருவன் என் விரலைப் பிடித்து இழுத்தான். "தாத்தா, சுண்டு எப்ப வருவா?"

பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டு நின்றார்.

"மாப்பிள்ளை ஊருக்கு வந்துட்டார். அவங்க வீட்டுக்குப் போறாங்க," என்றேன், அவருக்கும் கேட்கும்படி.