விசில் டீச்சரின் பிடி

“அம்மா, என் கையை அமுக்கும்மா. ஒரே ஒரு தடவை,” என்றாள் மகள்.

கட்டிலின் அந்தப் பக்கம் டாக்டர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாடிப்படி ஏறி வந்த இரைப்பு அவருக்கே இன்னும் அடங்கவில்லை. அம்மாவின் விரல்கள் மகளின் உள்ளங்கையில் சும்மா கிடந்தன. நகங்கள் நீளமாக வளர்ந்திருந்தன. போன ஞாயிற்றுக்கிழமையே வெட்டியிருக்க வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டதில் அது அப்படியே நின்றுபோயிற்று.

“சரி, விடுங்க,” என்று டாக்டர் அவளைச் சமையலறை வாசலுக்கு அழைத்துப் போனார். கட்டில் கூடத்தையே அடைத்துக்கொண்டிருந்ததால் இருவரும் சுவரோடு ஒட்டி நகர்ந்துதான் போக வேண்டியிருந்தது.

“ரெண்டு வழிதான் இருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா தொண்டையில குழாய் போட்டு மெஷின்ல வைப்பாங்க. திரும்பி வீட்டுக்கு வருவாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். வர மாட்டாங்கன்னும் சொல்ல மாட்டேன். இல்லேன்னா இங்கயே இருக்கட்டும், வலி தெரியாம பாத்துக்கலாம். சாயங்காலம் வர்றேன். அதுக்குள்ள யோசிச்சு வைங்க.”

“நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க டாக்டர்?”

“எங்கம்மா எனக்கு இந்தக் கேள்விய வைக்கல. தூக்கத்துலயே போய்ட்டாங்க,” என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

தம்பி அன்று காலையில்தான் வெளியூரிலிருந்து வந்திருந்தான். பையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றவன், “நீதானக்கா கூட இருந்து பாத்த. நீ என்ன சொல்றியோ அதுதான்,” என்றான். அக்காவுக்கு மரியாதை கொடுப்பதாக அவனுக்கு நினைப்பு. அவளுக்கோ கதவைச் சாத்தி வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டதுபோல் இருந்தது.

அம்மா ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். விசில் டீச்சர் என்றால்தான் அக்கம்பக்கத்தில் தெரியும். எந்த வீட்டில் பாட்டில் மூடி திறக்கவில்லை என்றாலும் அது இவரிடம்தான் வரும். ஒரே திருகு, மூடியைத் தனியாகவும் பாட்டிலைத் தனியாகவும் கொடுத்தனுப்புவார். பிள்ளைகள் ஓடிக் களைத்து மைதானத்தில் உட்கார்ந்தால், “களைப்பா? அது கால் சொல்ற பொய். எந்திரி, இன்னொரு ரவுண்டு,” என்பார். அப்படிப்பட்டவர் வயிற்றில் பிறந்த பெண் போயும் போயும் களைப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போனாள். “எம்பொண்ணு சோம்பேறித்தனத்துல டாக்டர் பட்டம் வாங்கியிருக்கா,” என்று அம்மா வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வார். அதில் கிண்டல் பாதி, பெருமை பாதி.

ஆராய்ச்சி மூளைக் களைப்பைப் பற்றியது. ஆட்களைத் திரை முன்னால் உட்காரவைத்து எழுத்துகளை ஓடவிடுவார்கள். குறிப்பிட்ட எழுத்து வரும்போது மட்டும் பொத்தானை அழுத்த வேண்டும். கண்ணையும் கவனத்தையும் அந்தண்டை இந்தண்டை விடக் கூடாது. மணிக்கணக்கில் அது ஓடிய பிறகு கையில் ஓர் இரும்புப் பிடியைக் கொடுப்பார்கள். லேசாக அமுக்கினால் கொஞ்சம் மதிப்பெண், பலங்கொண்ட மட்டும் அமுக்கினால் நிறைய. எது வேண்டும் என்பது அவரவர் இஷ்டம். காலையில் வந்த சூட்டில் பலமானதையே கேட்டவர்கள், மூளை களைத்த பிறகு லேசானதே போதும் என்பார்கள். கையில் பலம் குறைந்திருக்காது. இவ்வளவு பாடுபடுவது தகுமா என்று உள்ளே ஓடும் கணக்குத்தான் மாறியிருக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், அது அவர்களுக்கே தெரியாது. “எனக்கொண்ணும் டயர்டா இல்ல மேடம், எப்பவும்போலத்தான் எடுத்தேன்,” என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லுவார்கள்.

ஒருமுறை அம்மாவும் வந்து உட்கார்ந்தார். எழுத்துகளை ஒன்றுவிடாமல் பிடித்தார். இரும்புப் பிடியை அமுக்கிய அமுக்கில் திரையின் கோடு உச்சியில் போய் முட்டி நின்றது. கடைசிவரை ஒரு தடவைகூட லேசானதைக் கேட்கவில்லை. “உங்கம்மாவக் கணக்குல சேத்தா மத்தவங்க கணக்கெல்லாம் கெட்டுப்போய்டும்,” என்று பேராசிரியர் அவருடைய முடிவுகளை ஆய்விலிருந்து நீக்கிவிட்டார். அம்மாவுக்கு அது கோப்பை வாங்கியது மாதிரி. தெருவே கேட்டுச் சலிக்கும்வரை சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நுரையீரல் கெட்டுப்போய்ப் படுத்தபோது அந்த விசிலையே கட்டில் கம்பியில் கட்டிக்கொண்டார். தண்ணீர் வேண்டும் என்றால் விசில். புரட்டிப் படுக்க வைக்க விசில். அடுப்பில் பால் பொங்கும்போது விசில். மகள் குளியலறையில் தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டு நிற்கும்போது விசில். ஆய்வுக்கூடத்துக்கு அரைநாள் போய் வந்துகொண்டிருந்தவள் பிறகு அதையும் விட்டாள். விசில் ஊத மூச்சு இல்லாமல் போன பிறகும் அவள் காதில் அது நிற்கவில்லை. புத்தகத்தைத் திறந்தால் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிராணவாயு இயந்திரம் இரவும் பகலும் உறுமியது. ஜன்னலைத் திறக்க வழியில்லை. அதை ஒட்டித்தான் இயந்திரம் நின்றது. செத்துப்போனால் தேவலை என்று ஒரு நாள் நினைத்தாள். யார் செத்தால் என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது டாக்டர் கேள்வியை வைத்துவிட்டுப் போய்விட்டார். அவள் சமையலறையில் நின்று யோசித்தாள். இங்கேயே இருக்கட்டும் என்றால்? ஒரேயடியாக முடிந்துவிடும், தூங்கலாம். அது களைப்பின் குரல். ஆஸ்பத்திரி என்றால்? அங்கே நர்ஸ் பார்த்துக்கொள்வாள், தூங்கலாம். அதுவும் களைப்பின் குரல்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் கோடியில் ஒரு தலையணை கிடந்தது. எது அம்மாவுக்கு நல்லது என்ற எண்ணம் எழும்போதே, அதை நினைப்பது தான்தானா, தன் களைப்பா என்ற சந்தேகமும் கூடவே வந்தது. எனக்கொண்ணும் டயர்டா இல்ல மேடம் என்று சொன்னவர்கள் முகமெல்லாம் நினைவுக்கு வந்தது. அவர்களுக்காவது தெரியாது. அவளுக்குத் தெரிந்து தொலைத்திருந்தது.

“டேய், நான் கொஞ்ச நேரம் படுத்துக்கறேன்,” என்றாள் தம்பியிடம்.

“இப்பவாக்கா?”

“களைப்போட எடுக்கற முடிவு முடிவே இல்லடா. கடைசி ரவுண்டுக்கு முன்னாடி எங்க லேப்ல எல்லாரையும் படுக்க வெச்சுத்தான் எழுப்புவோம். அரை மணி நேரம். எழுந்து தெளிவா சொல்றேன். எழுப்பிடு, என்ன? மறந்துடாத.”

“நீ போ, நான் பாத்துக்கறேன்.”

உள்ளறையில் காலிச் சிலிண்டர்களுக்கும் துணி மூட்டைக்கும் நடுவே பாய் ஒன்று சுருட்டிக் கிடந்தது. விரிக்கவும் பொறுமையில்லாமல் பாதி விரிப்பிலேயே படுத்தாள். மேலே மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றியதைப் பார்த்தாள். அடுத்த சுற்றைப் பார்க்கவில்லை.

விழித்தபோது எங்கேயோ ஏதோ குறைந்தது. என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இயந்திரம் உறுமவில்லை. வெயில் எதிர்ச்சுவருக்கு ஏறியிருந்தது.

ஓடிவந்தாள். தம்பி கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அம்மாவின் வாயைத் துடைத்து, போர்வையை மார்புவரை இழுத்துவிட்டு, இனித் தேவைப்படாத இயந்திரத்தையும் அணைத்திருந்தான்.

“ஏண்டா எழுப்பல? அரை மணி நேரம்னு சொன்னேனேடா! உன்ன நம்பித்தானே படுத்தேன்!”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அம்மாவின் கையை எடுத்தாள். இன்னும் கதகதப்பு போகவில்லை. முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா என்று உடம்பே சொன்னது. அதை ஒட்டிக்கொண்டே வெட்கம் வந்து அவளைப் பிடுங்கித் தின்றது. இனிமேல் எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் எழுந்து வந்து என்ன சொல்லியிருப்பாள் என்று இனி அவளுக்கே தெரியப் போவதில்லை. கூடத்தில் நடக்க இடம் ஒன்றும் கூடிவிடவில்லை. கட்டில் அங்கேயேதான் இருந்தது.

சாயங்காலம் டாக்டர் சொன்னபடி வந்தார். கண்ணை விலக்கிப் பார்த்தார், நாடி பார்த்தார், எழுதிக் கொடுக்க வேண்டியதை எழுதிக் கொடுத்தார். “அம்மா உங்களுக்கு அந்தச் சங்கடத்தக் குடுக்கல, பாத்தீங்களா,” என்றார் படியிறங்கும்போது. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். அவளுக்கு அவரைத் தள்ளிவிடலாம்போல இருந்தது.

சொந்தக்காரர்களில் சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டு, தம்பி டீ போட்டு எடுத்துவந்தான். டம்ளரை நீட்டியபோது முழுக்கைச் சட்டை சற்றே மேலேறியது. மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்புத் தடம்.

“கையில என்னடா?”

“ஒண்ணுமில்லக்கா.” சட்டையை இழுத்துவிட்டான்.

“காட்டு.”

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் காட்டினான். பட்டையாகச் சிவந்திருந்தது. உட்பக்கம் வரிசையாகப் பிறைபோல நான்கு நகக்கீறல்கள். ஒன்றில் ரத்தம் கட்டியிருந்தது.

“நான் மறக்கலக்கா,” என்றான். “நேரமாச்சுன்னு எழுந்தேன். எழுந்ததும் கையப் புடிச்சுட்டாங்க. ‘அக்காவக் கூப்பிடப் போறேம்மா’ன்னு சொன்னேன். சொன்னதும் இன்னும் இறுக்கிட்டாங்க. இன்னொரு கையால எடுத்துவிடப் பாத்தேன், முடியல. மூச்சு விட முடியாதவங்களுக்கு அவ்ளோ பலம் எங்கேர்ந்துக்கா வரும்?”

அவளுக்குத் தெரிந்த விஷயம்தான் அது.

“கத்திக் கூப்பிடலாம்னு வாயத் தொறந்தேன். கண்ணத் தொறந்து பாத்தாங்க. கிரவுண்டுல நாம பேசினா ஒரு மொற மொறைப்பாங்கல்ல, அதே மொறைப்பு. வாய மூடிக்கிட்டேன்.”

“அப்பறம்?”

“அப்பறம் என்ன... கொஞ்ச நேரம் இருந்தாங்க. விட்டுட்டாங்க. அதுக்கப்பறம் உன்ன எழுப்ப மனசு வரல.”

காலையில் தன் உள்ளங்கையில் சும்மா கிடந்த அந்த விரல்களை அவள் நினைத்தாள். எதற்காக என்று கேட்க வாயெடுத்தாள். அவனுக்கு எப்படித் தெரியும்?

அவன் கையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். நகக்கீறல்களின் மேல் தன் விரல்நுனிகளை ஒவ்வொன்றாக வைத்தாள். வலிக்கக் கூடாதே என்று லேசாகத்தான் வைத்தாள். மூன்று சரியாகப் பொருந்தின. அம்மாவுக்கு விரல்கள் நீளம்; அவளுடைய சுண்டுவிரல் மட்டும் கடைசிக் கீறலை எட்டவில்லை.