அரைப்பேர் வாங்கிய யானையும் வடக்குச் சூலமும்

கண்டியில் காப்பி கொழித்த காலத்தில் ஒரு கொம்பன் யானையைக் காலைப் பெரட்டில் நிறுத்தி, செக்ரோலில் ஏற்றி, அதற்கு அரைப்பேர் போட்ட கணக்கப்பிள்ளை உலகத்திலேயே நான் ஒருவன்தான். யானை முழுப்பேர் கேட்கவில்லையா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கேட்டது. மத்தியானத்தோடு எழும்பிப் போய்விட்டதால் நான்தான் கொடுக்கவில்லை.

பெரட்டு என்றால் விடிந்ததும் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. செக்ரோல் அந்த வருகையைப் பதியும் பேரேடு. ஒரு நாள் வேலை செய்தால் ஒரு பேர். பாதி நாள் செய்தால் அரைப்பேர். அந்தக் கணக்கு மனிதருக்கு மட்டும்தான் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ரயில் கண்டிக்கு வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. மஹய்யாவைக்குப் போகும் வழியில் இருந்த ஒரு காப்பி ஸ்டோரில் நான், தியாகராஜா, பெரிய கணக்கப்பிள்ளை. மலைத் தோட்டங்களிலிருந்து இறங்கும் காப்பியைக் காயவைத்து, செக்கில் ஓட்டித் தோல் நீக்கி, கொட்டை பொறுக்கி, பீப்பாயில் அடைத்துக் கொழும்புக்கு அனுப்புவது எங்கள் வேலை. பொறுக்குவதற்கு நாற்பத்தெட்டுப் பெண்கள். அவர்கள் ஒரே நேரத்தில் சண்டை பிடித்தால் தெல்தெனியாவில் மாடு மிரளும். யார் யாருக்குப் பக்கத்தில் உட்காருவது என்பதில்தான் தினமும் தகராறு.

நான் பஞ்சாங்கத்தைக் கையில் எடுத்தேன். பன்னிரண்டு ராசிக்குப் பன்னிரண்டு பாய் விரித்தேன். ஒருத்திக்கு ஒருத்தி ஆகாதென்றால் அவர்களை வேறு வேறு ராசியில் பிறக்க வைத்தேன். கடல் தாண்டி வந்தவர்களில் பாதிப் பேருக்குப் பிறந்த மாதமே தெரியாது. ஆகவே கிரகங்கள் என்னோடு ஒத்துழைத்தன.

அதற்குப் பிறகு காலையில் மணி அடித்ததும் ராசிபலன் வாசிப்பேன். மேஷம், இன்று வெற்றிலையைப் பாதியாகக் குறைத்தால் பல்வலி அண்டாது. கடகம், பக்கத்துப் பாயை எட்டிப் பார்த்தால் கழுத்துப் பிடிக்கும். தனுசு, மாமியார் பேச்சுக் கொடுத்தால் இருமிவிடவும். பஞ்சாங்கத்தில் இவை எதுவும் இல்லை. எழுதியவருக்கு மாமியார் இல்லை போலும். ஆனால் பெண்கள் ஓர் எழுத்துப் பிசகாமல் நடந்தார்கள். தனுசுப் பாயின் இருமலைக் கேட்டு வைத்தியரே ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

நம்பாதவர் ஒருவர் இருந்தார். இரண்டாவது கணக்கப்பிள்ளை பொன்னுத்துரை. யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளியில் படித்தவர். ஒரு வார்த்தை கூட்டியோ குறைத்தோ பேசமாட்டார். மழை பெய்தால்கூட வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் பெய்கிறது என்பார். என் பேச்சில் முக்கால் பங்கு பொய், மிச்சத்தை இன்னும் தான் சோதிக்கவில்லை என்று ஸ்டோரை நடத்திய வெள்ளைக்காரத் துரையிடமே சொல்லி வைத்திருந்தார். துரையும் அவர் எழுத்தைத்தான் நம்புவார்.

வினை வந்தது சூலத்தால். செவ்வாயும் புதனும் வடக்கே சூலம், அந்தத் திசை பார்த்து வீட்டை விட்டு இறங்கினால் காரியம் கெடும் என்று ஒருநாள் பலனோடு பலனாக வாசித்துவிட்டேன். துலாம் பாயில் இருந்த பேச்சியம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். அவள் குடியிருந்தது அம்பிட்டியவில், ஸ்டோர் கொடுத்த லயத்து அறையில். அங்கிருந்து ஸ்டோர் வடக்கே. ஆகையால் செவ்வாயும் புதனும் அவள் தெற்குப் பார்த்துப் புறப்பட்டு, ஒரு மலையை முழுதாகச் சுற்றி, வெயில் ஏறிய பிறகு மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். மூன்று முறை பிந்திவிட்டாள். மூன்றாவது முறை ஒரு செவ்வாய்க்கிழமை. நாளைக்கும் பிந்தினால் பேர் வெட்டு என்று துரை சொல்லிவிட்டுப் புசல்லாவைக்குக் குதிரை ஏறினார்.

பேர் வெட்டினால் வேலையோடு லயத்து அறையும் போகும். ஊருக்குத் தோணி பிடிக்க, இரண்டு சின்னப் பிள்ளைகளோடு அவள் வடக்குப் பாதையில் மன்னார் வரைக்கும் காட்டுக்குள் நடக்க வேண்டும். வரும்போது அந்தப் பாதையில்தான் காய்ச்சலில் புருஷனைப் புதைத்துவிட்டு வந்தவள். நான் விளையாட்டாக வாசித்த ஒரு வரி அவளை அங்கே திருப்பி அனுப்பப் போகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. இதில் மட்டும் மிகைப்படுத்தல் இல்லை.

கூப்பிட்டு, சூலமெல்லாம் சும்மா, நேராக வா என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போன வாரம் இருக்குன்னீங்க, இன்னைக்கு இல்லைங்கிறீங்க. சூலம் என்னங்க, நீங்க வளக்குற நாயா? கூப்பிட்டா வந்து, வெரட்டுனா போறதுக்கு?"

மூன்று முறை சத்தியம் செய்தேன். என் சத்தியத்தின் பெறுமதி அவளுக்கும் தெரிந்திருந்தது. வேறு வழியில்லாமல் பஞ்சாங்கத்தைப் பிரித்து, நாக்கு நுனியில் வந்ததை வாசித்தேன். துலாம் ராசிக்கு நாளை ஒரு பரிகாரம் உண்டு. ஆறு மணிக்கு முன்னால் வீட்டு வாசலில் பெரிதாக ஒன்று போகும். அதன் வால் பக்கமாகவே நடந்து வந்தால் சூலம் முன்னால் போகிறதைக் குத்தும், பின்னால் வருகிறவளைக் குத்தாது.

பெரிதாக ஒன்று என்று நான் நினைத்தது ஹபீலின் மாட்டு வண்டியை, எங்கள் பேச்சில் கரத்தையை. அவர் புதன்கிழமைதோறும் அம்பிட்டியவிலிருந்து வாழைக்குலை ஏற்றிக்கொண்டு சந்தைக்கு வருபவர். விஷயத்தைச் சொல்லி, அவள் வாசல் வழியாக ஸ்டோர் வாசல்வரை வந்து திரும்பிப் போகச் சொன்னேன். சரி என்றார்.

பெரட்டில் மறுநாள் சச்சரவு எழுந்து யாரும் பேச்சியம்மாவின் கதையைக் கிளறக்கூடாது என்பதற்காக, பன்னிரண்டு ராசிக்கும் காலையில் சந்திராஷ்டமம், ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்று அறிவித்தேன். பொன்னுத்துரை பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒரே நாளிலை பன்னிரண்டு ராசிக்கும் சந்திராஷ்டமமோ? எத்தினை சந்திரன், ஐசே, வைச்சிருக்கிறீர்?"

உமக்கும் ஒரு பலன் சொல்லவா என்று கேட்டேன். தன்னுடையது கும்பம், முடிந்தால் சொல்லும் என்றார். நாளைக்கு இடமாற்றம், புது இடம் கொஞ்சம் ஒடுக்கம், ஆனால் பாதுகாப்பு என்றேன். தலையில் அடித்துக்கொண்டார்.

புதன்கிழமை விடிந்தது. நாற்பத்தேழு பெண்கள் ராசி வாரியாக வரிசையில் நின்றார்கள். ஒரு முணுமுணுப்பு இல்லை. துலாம் வரிசையில் ஓர் இடம் காலி. நான் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்தேன். பொன்னுத்துரை செக்ரோலைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

கரத்தை வந்தது. வந்தது என்பது தவறு, பறந்தது. வாவிக் கரையிலிருந்து அதன் சக்கரம் தரையில் பட்டதைப் பார்த்தவர்கள் இல்லை. ஹபீல் எழுந்து நின்று மாட்டை அடித்துக்கொண்டு, வாசலில் நிற்காமல், ஒரு கதவைப் பெயர்த்துக்கொண்டு முற்றத்துக்குள்ளேயே வந்துவிட்டார். முகத்தில் இரத்தமில்லை.

"கணக்கப்புள்ள, பெரிசா ஒண்டு போகோணும் எண்டுதானே செல்லின? அது என்ட பின்னால வருது."

அப்புறம் வாசல் இருட்டியது.

அம்பிட்டியப் பெரிய வீட்டு வளவுக்காரரின் மரமிழுக்கும் கொம்பன். இரவு கட்டிய சங்கிலியை விடியலில் அறுத்துக்கொண்டு, வாழைப்பழ வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது. அதன் உயரம் இருபத்தைந்து அடி என்று நான் சொல்வேன். பத்து என்று சொல்பவர்கள் அன்றைக்கு அங்கே நிற்காதவர்கள். நான் பின்னால் பாய்ந்தேன். கை மட்டும் மணிக்கயிற்றிலேயே மாட்டிக்கொண்டு இழுத்ததில் ஆறு மணி தானாக அடித்தது.

மணி அடித்து ஓய்வதற்குள் யானையின் வாலுக்குப் பின்னாலிருந்து பேச்சியம்மா வந்தாள். இடுப்பில் வேலைத் துணியான கொங்காணியைச் செருகிக்கொண்டு, ஒரு வியர்வைத் துளி இல்லாமல், நேராகப் போய்த் துலாம் வரிசையில் நின்றாள். அவள் வாசலைத் திறந்தபோது கரத்தை முடுக்குத் திரும்பிவிட்டதாம். எதிரே பெரிதாக இதுதான் போனதாம். பலன் சொன்னபடி வந்துவிட்டாள்.

நாற்பத்தெட்டுப் பெண்களும் திகைத்து நின்றார்கள். ஒருத்தியும் கத்தவில்லை. சந்திராஷ்டமம் அல்லவா. கண்கள் மட்டும் தேங்காயளவு திறந்திருந்தன. அந்த அமைதிதான் எங்களைக் காப்பாற்றியது என்று இன்றைக்கும் சொல்வேன். ஒரு கூச்சல் எழுந்திருந்தால் யானை மிரண்டு எங்களைக் காப்பித்தூள் ஆக்கியிருக்கும். அது நிதானமாகப் பாய்களைச் சுற்றிப் பார்த்து, சிம்மப் பாயில் போய் நின்றது. அந்தப் பாயின் தலைவி நல்லம்மா ஓரமாக ஒதுங்கி இடம் விட்டாள். பிறகு அது ஹபீலின் பதினாறு குலையையும் தண்டோடு தின்றது.

தின்றது செரிக்க வேண்டாமா. தோல் நீக்கும் செக்கின் உத்தரத்தைக் கண்டதும், தினமும் மரம் தள்ளிப் பழகிய நெற்றியை அதில் வைத்துத் தள்ளத் தொடங்கியது. எங்கள் நாலு செக்கு மாடும் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தன. மத்தியானத்துக்குள் ஒன்பது நாள் காப்பி ஓட்டி முடிந்தது. சரி, இரண்டு நாள். பாகன் தேடிக்கொண்டு ஓடிவந்து, என்ன வாங்கிக் கட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில் ஒரு வார்த்தை பேசாமல் யானையை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். வேலை செய்தவரைப் பதியாமல் விடுவது பாவம். ஆண், பெண், பிள்ளை என்று செக்ரோலில் மூன்று பத்தி. ஆண் பத்தியில் யானை, அரைப்பேர் என்று எழுதினேன். அதற்கு மேல் வரியில், பெண் பத்தியில், பேச்சியம்மா, ஆறு மணி, முழுப்பேர்.

துரை மூன்று மணிக்குத் திரும்பி வந்தார். அவர் வருவதற்குள் முற்றம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது ஸ்டோர் விதி. ஆகவே பெண்கள் யானை போட்டதை எல்லாம் கூடை கூடையாக அள்ளி ஆற்றுப் பக்கம் கொட்டிக் கழுவிவிட்டிருந்தார்கள். கருங்கல் தளத்தில் கால்தடம் விழாது. துரை உடைந்த கதவைப் பார்த்தார், செக்ரோலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் பழுத்த காப்பிப் பழமானது.

கதவை உடைத்தது கரத்தை, காப்பியை ஓட்டியது மாடு, யானை இல்லை என்றார். ஹபீல் சத்தியம் செய்தார். குலை விற்ற பணத்தைக் குடித்துவிட்டு உளறுகிறான் என்றார் துரை, வாழ்நாளில் கள்ளை முகர்ந்தறியாத மனுஷரைப் பார்த்து. பெண்கள் எல்லோரும் கண்டோம் என்றார்கள். நீங்களெல்லாம் கணக்கப்பிள்ளை சொன்னால் இருமுகிற ஆட்கள் என்றார். அது அவருக்கும் தெரிந்திருந்தது. என் வாயை நான் திறக்கவே இல்லை. அன்றைக்கு என் வாயால் வருகிற எந்த உண்மையும் பேச்சியம்மாவின் கழுத்தில் கல்லைக் கட்டும்.

துரை பேனாவை எடுத்தார். தோட்டத்தில் பிடித்த தமிழில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"யானை பொய். அப்போ யானை பின்னால வந்த பொம்பளையும் பொய். ரெண்டு பேர் வெட்டு."

பேச்சியம்மா அழவில்லை. கொங்காணியை அவிழ்த்து நாலாக மடித்தாள். பிறகு நிதானமாக, துரையைப் பார்க்காமல், பொன்னுத்துரையைப் பார்த்துத் திரும்பினாள்.

"சின்னக் கணக்கப்புள்ள ஐயா, பொய் சொல்லாத ஆளு நீங்க ஒருத்தர்தான். நான் மணிக்கு வந்தேனா, இல்லையா?"

துரையும் அவர் பக்கம் திரும்பினார். பொன்னுத்துரை சொன்னால் முடிந்தது.

பொன்னுத்துரை கோட்டின் பொத்தானைப் போட்டார், கழற்றினார், திரும்பப் போட்டார். காலையில் யானையின் தும்பிக்கை உள்ளே நீண்ட நொடியிலிருந்து மத்தியானம்வரை அவரை ஒருவரும் காணவில்லை என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவருடைய கோட்டின் முதுகில் வட்டமாக மரத்தூள் ஒட்டியிருந்தது. காப்பி அடைக்கும் வெறும் பீப்பாய்கள் மூலையில் வரிசையாக நின்றன. ஒன்றின் மூடி மட்டும் சாய்ந்திருந்தது.

கும்பம். ஒடுக்கம், ஆனால் பாதுகாப்பு. நான் சும்மா சொன்னதுதான் ஐயா அது.

அவர் என்னைப் பார்த்த பார்வையில், இதை நீர் ஆயுள் முழுக்கச் சொல்லித் திரிவீர் என்று எழுதியிருந்தது. நான் பணிவாகத் தலையை ஆட்டினேன். நாற்பத்தெட்டுப் பெண்களும் காத்திருந்தார்கள். பேச்சியம்மாவின் கையில் மடித்த கொங்காணி. பொன்னுத்துரை தொண்டையைக் கனைத்துக்கொண்டு துரைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஓம் துரை, நடந்தது. மணி அடிக்கேக்கை யானை உள்ளுக்கு வந்தது, அவவும் பின்னாலை வந்தவ. நான் பீப்பாக்குள்ளை இருந்து ஓட்டையாலை பார்த்தனான்."