இருநூறு லிட்டர் காற்று

குழாயைத் திருகியதும் அது அக்காவின் முகத்தில் புஸ்ஸென்று ஊதியது. பக்கத்தில் புதிதாகப் பொருத்தியிருந்த சென்சார் மீட்டர் மட்டும் பேய் பிடித்தது போலச் சுற்றியது. ஐந்து நிமிடத்தில் எல்லாம் அடங்க, அவளுடைய செல்போனுக்குச் செய்தி வந்தது. 'இன்றைய பங்கு இருநூறு லிட்டர் வழங்கப்பட்டது. நன்றி.' ஆறாவது நாளாக இதே நன்றி. உள்ளே கட்டிலில் மாமா, கால் புண்ணைக் கழுவ ஒரு சொம்புத் தண்ணீராவது வருமா என்று காத்துக் கிடந்தார். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான்தான் குற்றவாளி.

இருபத்திரண்டு வருடம் இந்தத் தெருக்களுக்கு வால்வு திறந்தவன் நான். மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் விட ஒரு முறை உண்டு. முதலில் தெருமுனையில் இருக்கும் காற்றுத் திருகைத் திறக்க வேண்டும். குழாய்க்குள் அடைந்திருந்த காற்றெல்லாம் சீறி வெளியேறி, தண்ணீர் துப்ப ஆரம்பித்ததும் அதை மூடிவிட்டுத்தான் பெரிய வால்வில் கை வைக்க வேண்டும். இப்போது பெரிய வால்வைக் கம்ப்யூட்டர் திறக்கிறது. தேவையில்லாத சாமான் என்று காற்றுத் திருகின் மேல் சிமெண்ட் பூசிவிட்டார்கள். காற்றே மீட்டரைச் சுழற்றுகிறது, பங்கு முடிந்ததென்று வால்வு தானே மூடிக்கொள்கிறது. இந்தப் புதுத் திட்ட வேலை தொடங்கிய அன்றே தலைதலையாய் அடித்துக்கொண்டேன். வால்வுச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். படித்த மடையர்கள்.

அக்காவை நேரே குடிநீர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். காலி பக்கெட்டையும் தூக்கிக்கொண்டு வந்தாள். எதற்கென்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திட்ட அதிகாரி லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பினார். "பாருங்கம்மா, இருநூறு லிட்டர். சென்சார் அனுப்பினதை ஏழு கம்ப்யூட்டர் சரிபார்த்து பிளாக்செயின்ங்கிற கணக்குல ஏத்தியிருக்கு. இனிமே யாரும் அதுல கை வைக்க முடியாது, நானே நினைச்சாலும்."

"ஏழு இல்ல சார், எழுநூறு சரிபார்த்தாலும் அது காத்து," என்றேன்.

"உங்களுக்குச் சாவி போன கோபம். அதை இங்க காட்டாதீங்க."

சாவி போன கோபம்தான். இல்லையென்று சொன்னால் பொய். அதற்காகக் காற்று தண்ணீராகிவிடுமா?

"ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. வந்து குழாயை ஒருதடவை பாத்துட்டுப் போங்க," என்றாள் அக்கா.

"யாரும் வந்து பாக்க வேண்டாம்னுதானேம்மா இந்த ஏற்பாடே."

அக்கா பக்கெட்டை இரண்டு கையாலும் தூக்கினாள். நிறைந்த பக்கெட்டைத் தூக்குகிறவள் போல மூச்சை அடக்கிக்கொண்டாள். "இன்னிக்கு வந்தது சார்," என்று சொல்லி, அப்படியே அவர் மேசைமேல் கவிழ்த்தாள்.

"ஐயோ!" என்று அலறி லேப்டாப்பை வாரிக்கொண்டு எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. பக்கெட்டின் அடியில் ஒட்டியிருந்த காய்ந்த சோப்புத் துண்டு ஒன்று மேசையில் விழுந்து, ஓரம் வரை சறுக்கிப் போய் நின்றது. லேப்டாப்பை மார்போடு அணைத்தபடி அவர் சுவரோரம் நின்றார். அக்கா பக்கெட்டை இன்னும் நிமிர்த்தவில்லை.